புறக்கோட்டைத் துப்புரவுப் பொதி: இயர்போனுக்கு எது உதவும், எது கெடுக்கும்

கொழும்பு புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருவில், கைப்பேசி உறைகளும் சார்ஜர்களும் வாசல் மறைக்கத் தொங்கும் கடைகளில், காதுக்குள் வைக்கும் இயர்போன்களைத் துப்புரவு செய்வதற்கென்று ஒரு சிறு பொதி விற்கப்படுகிறது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவிலும் அதே பொதி சற்றே கூடிய விலைக்குக் கிடைக்கிறது. புறக்கோட்டையில் ஆயிரம் ரூபாய்க்கு உள்ளாகவே வாங்கிவிடலாம். உறையில் உற்பத்தியாளரின் பெயர் இல்லை. உள்ளே, ஒரு முனையில் தூரிகையும் மறுமுனையில் பஞ்சும், மூடியைத் திருகிக் கழற்றினால் உலோக ஊசியும் கொண்ட ஒரு பேனா, பிசுபிசுப்பான ஒரு பச்சைக் களி, றப்பர் ஊதுகுமிழ் ஒன்று, நிறமற்ற திரவம் நிரப்பிய தெளிப்புப் போத்தல், மைக்ரோபைபர் துணி ஆகியவை இருக்கின்றன. "சேர், இது ஒன்று இருந்தால் வேறொன்றும் தேவைப்படாது" என்பது கடைக்காரரின் உத்தரவாதம். அந்த உத்தரவாதத்தை அப்படியே ஏற்க முடியாது. தூரிகையும் பஞ்சும் துணியும் கொடுத்த காசுக்குப் பெறுமதியானவை. களியும் ஊதுகுமிழும் சார்ஜ் பெட்டிக்கு மட்டுமே பொருந்துபவை. ஊசியையும் தெளிப்புத் திரவத்தையும் இயர்போனுக்கு அருகில் கொண்டுசெல்லவே கூடாது.

இந்தத் தீர்ப்புக்கான காரணம் விளங்க வேண்டுமானால், எதைத் துப்புரவு செய்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வளர்ந்தவரின் காதுக்குழாய் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமுடையது. அதன் வெளிப்புற மூன்றிலொரு பங்கில் உள்ள சுரப்பிகள் கசியவிடும் கொழுப்புப் பொருளோடு, உதிர்ந்த தோலின் செதில்களும் சேர்ந்து குறும்பியாகின்றன. காதுக்குழாயின் தோல் உள்ளிருந்து வெளிநோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டே இருப்பதால், குறும்பியும் தானாகவே வெளியேறிவிடும். காதுக்குள் செருகும் இயர்போன் இந்த வெளியேற்றப் பாதையை மறிக்கிறது. வெளியே வரவேண்டியது, இயர்போனில் ஒலி வெளிவரும் முனையான ஒலிவாயின் வலையில் ஒட்டிக்கொள்கிறது. சிலருக்குக் குறும்பி ஈரமாகவும் தேன் நிறமாகவும் இருக்கும். சிலருக்கு உலர்ந்து செதிலாக உதிரும். இது பரம்பரையாக வருவது, துப்புரவுக் குறைவால் வருவதன்று. உலர்ந்த குறும்பியைத் தூரிகையால் ஒரு தட்டில் உதிர்த்துவிடலாம். ஈரமான குறும்பிதான் வலையின் கண்களுக்குள் பசைபோலப் படிந்து தொல்லை தருகிறது.

வலைக்குப் பின்னால் இருப்பது மிக மெல்லிய சவ்வு. பெரும்பாலான இயர்போன்களில் இந்தச் சவ்வு ஒரு காந்தச் சுருளோடு சேர்ந்து அதிர்ந்து ஒலியை உண்டாக்குகிறது. விலை கூடிய சிலவற்றில், செவிப்புலன் கருவிகளில் உள்ளதைப் போன்ற சிறு ஒலிப்பெட்டியும் நுண்குழாயும் இருக்கும். எந்த வகையானாலும் வலையின் வேலை குறும்பியை வெளியே தடுத்து நிறுத்துவதுதான். ஆகவே துப்புரவு என்ற பெயரில் வலையைத் தாண்டி உள்ளே எதைத் தள்ளினாலும், அது அழுக்கானாலும் நீரானாலும் காற்றானாலும், வலை தடுத்து வைத்திருந்ததை நாமே உள்ளே அனுப்புவதாகிவிடும். பொதியிலுள்ள ஒவ்வொரு பொருளையும் இந்த ஒரே அளவுகோலால் மதிப்பிட்டால் போதும்.

துப்புரவைத் தொடங்கு முன் குறை இயர்போனில்தானா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. ஒரு பக்கத்தில் ஒலி மங்கிக் கேட்டால், கைப்பேசியின் அமைப்புகளில் இடம் வலம் சமநிலை நடுவில் இருக்கிறதா என்று பார்த்த பின்னர், இடக்காது இயர்போனை வலக்காதிலும் வலக்காது இயர்போனை இடக்காதிலும் மாற்றி வைத்துக் கேளுங்கள். பொருத்தம் சரியாக அமையாவிட்டாலும் சோதனைக்கு அது போதும். மங்கல் இயர்போனோடு சேர்ந்து மறுகாதுக்கு மாறினால் குறை இயர்போனில், பெரும்பாலும் அடைபட்ட வலையில். மங்கல் அதே காதில் நின்றால் குறை காதில்தான். அதற்கு எந்தப் பொதியும் மருந்தன்று. பலர் இந்த இரண்டையும் பிரித்தறியாமல் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு. அதற்கு மேலே போகப் போக அனுமதிக்கப்படும் நேரம் வெகுவேகமாகச் சுருங்குகிறது. ஒரு பக்கத்து வலை அடைபட்டதற்காக இரு பக்கத்து ஒலியையும் கூட்டும்போது, நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காதுதான் அந்தச் சுமையைத் தாங்குகிறது.

இனிப் பேனாவுக்கு வருவோம். அதன் தூரிகை முனை உண்மையிலேயே நன்றாக அமைந்திருக்கிறது. நார்கள் அடர்த்தியானவை, நுனியில் மென்மையானவை, பழைய பற்தூரிகையைப் போல வலையைக் கீறுவதில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில், கடையில் இயர்போன் றப்பர் என்று கேட்டு வாங்கும் அந்தச் சிலிக்கன் முனையை அடிப்பகுதியில் பிடித்து மெதுவாகக் கழற்ற வேண்டும். பின்னர் ஒலிவாய் தரையைப் பார்க்கும்படி இயர்போனைக் கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து மேல்நோக்கித் தூரிகையால் வலையை ஒற்றியும் சுழற்றியும் துலக்க வேண்டும். அப்போது உதிர்வது கீழே விழும். மேசையில் மல்லாக்க வைத்துத் துலக்கினால் உதிர்ந்தது முழுவதும் வலைக்குள்ளேயே இறங்கும். பொதியின் உறையில் அச்சிட்டிருக்கும் படம் இந்த இரண்டாவது, தவறான முறையைத்தான் காட்டுகிறது என்பது வேடிக்கை. குறும்பி ஈரமாக இருப்பவர்கள், இயர்போனைக் கழற்றியவுடன் துலக்காமல், ஓரிரவு திறந்த இடத்தில் உலரவிட்டுக் காலையில் துலக்கினால் அது எளிதில் பெயர்ந்து வரும்.

மறுமுனையிலுள்ள பஞ்சு, சார்ஜ் பெட்டிக்குள் இயர்போன் அமரும் குழிகளைத் துடைப்பதற்கானது. அந்தக் குழிகளின் அடியில் பொன்நிறப் புள்ளிகளாகத் தெரியும் மின்தொடுகைகளில் வியர்வையும் தூசியும் படிந்தால் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் நின்றுவிடும். பற்றரி செத்துவிட்டதென்று எண்ணிப் புதிதாக வாங்கச் செல்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இந்தப் பஞ்சு மட்டுமே. உலர்ந்த பஞ்சால் குழியையும், இயர்போனின் தண்டிலோ அடியிலோ உள்ள அதே தொடுகைகளையும் சுழற்றித் துடைத்தால் போதும். காதில் வைத்ததை உணர்ந்து பாட்டை நிறுத்தவும் தொடரவும் செய்யும் கம்பியில்லா இயர்போன்களில், உட்பக்கத்திலுள்ள சிறு கறுப்புச் சாளரத்தையும் துணியால் துடைத்துவிடுங்கள். அதில் எண்ணெய்ப் படலம் படிந்தால் இயர்போன் காதில் இருப்பதையே அது அறியாது.

ஊசிமுனை இந்தப் பேனாவின் சாபக்கேடு. வலையில் சிக்கியதைக் கிளறி எடுக்க என்று சொல்லி அதை விற்கிறார்கள். உலோக நுனி வலையின் ஓர் இழையை விலக்கினாலே போதும், அதன் பின்னர் குறும்பிக்கு நேர்வழி திறந்துவிடும். சற்று அழுத்தினால் வலையே உள்ளே மடங்கிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. பல இயர்போன்களின் உட்பக்கத்திலோ ஒலிவாயின் அடியிலோ ஊசித்துளை போன்ற ஒரு காற்றுவழி இருக்கும். சவ்வின் முன்னும் பின்னும் அழுத்தத்தைச் சமன்செய்வதற்காக வடிவமைப்பாளரே வைத்த துளை அது. அழுக்கு அடைத்த துளை என்று எண்ணி ஊசியை அதற்குள் விட்டால் சவ்வு கிழியும். அதன் பின்னர் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மின்தொடுகைகளைச் சுரண்டுவதற்கும் ஊசி ஆகாது. மேலிருக்கும் முலாம் போய்விட்டால் அடியிலுள்ள உலோகம் கொழும்பின் ஈரக்காற்றில் விரைவாகக் கறுத்துவிடும். கழற்றிய சிலிக்கன் முனையின் உட்துளையில் இறுகியதை எடுக்க மட்டும் ஊசியைக் கையாளலாம். அந்த வேலைக்கு ஒரு பற்குச்சியே போதும்.

பச்சைக் களியைப் பற்றி இணையக் காணொளிகளில் நிறையப் புகழ்கிறார்கள். குளிரூட்டிய அறையில் அது சொன்னபடி வேலை செய்கிறது: சார்ஜ் பெட்டியின் மூடி இணைப்பிலும் ஓரக் கீறல்களிலும் அழுத்தி எடுத்தால், அங்கு அடைந்திருக்கும் கறுப்புத் தூசி அதனோடு ஒட்டி வந்துவிடுகிறது. குளிரூட்டி இல்லாத அறையில், மதிய வெப்பத்தில், அதே களி வெயிலில் வைத்த தொதலைப் போல இளகி, தொட்ட இடத்திலெல்லாம் தன்னில் ஒரு பகுதியை விட்டுச் செல்கிறது. ஒலிவாயின் வலையிலும் ஒலிவாங்கித் துளையிலும் அதை அழுத்தினால், இழுக்கும்போது அறுந்து உள்ளே நின்றுவிடும். குறும்பியையாவது துலக்கி எடுக்கலாம், களியை எடுக்க முடியாது. சார்ஜ் வயர் செருகும் துவாரத்துக்குள்ளும் அதைத் திணிக்க வேண்டாம். பெட்டியின் வெளிப்புறத்துக்கு மட்டும், அதுவும் கைகளுக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் நேரத்தில் பயன்படுத்தினால் களியைக் குறைசொல்ல எதுவுமில்லை.

ஊதுகுமிழ் பாதிப்பில்லாத பொருள்தான். பெட்டியின் குழிகளிலிருந்து தூசியை வெளியேற்ற அது உதவும். ஒலிவாயை நோக்கி அதை அழுத்தக் கூடாது. கணினிக் கடைகளில் கிடைக்கும் அழுத்தக் காற்றுக் குப்பிகள் இன்னும் மோசமானவை. அவற்றின் வேகம் சவ்வைக் கெடுக்கக்கூடியது, குப்பியைச் சரித்தால் உறைகுளிர்ந்த திரவமும் சேர்ந்து பீய்ச்சும். இதற்கு மாற்றாக வாயால் உறிஞ்சுவதைச் சிலர் ஒரு கைவைத்தியமாகச் செய்கிறார்கள். வலைக்குள் எச்சில் ஈரம் போவதும், காதின் கிருமி வாய்க்கு வருவதும் தவிர அதனால் வேறு பலன் கிடையாது.

தெளிப்புப் போத்தல்தான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டிய பொருள். அதில் என்ன இருக்கிறதென்று ஒரு சொல்கூட அச்சிடப்படவில்லை. மணத்தை வைத்து ஏதோ வாசனைச் சவர்க்கார நீர் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். காதுக்குள் போகும் பொருளில், சேர்மானம் எழுதப்படாத திரவத்தைத் தெளிப்பதை எப்படியும் நியாயப்படுத்த முடியாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அருகிலுள்ள பாமசிக்குச் செல்வதே நல்லது. ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைக்க உதவும், தனித்தனி உறைகளில் அடைத்த அல்ககோல் துண்டுகளில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் இருக்கும். இயர்போனின் வெளி ஓட்டைத் துடைக்க அவையே மிகப் பொருத்தம். போத்தலில் இருந்து ஊற்றும்போது அளவு மீறிப் போகும் ஆபத்து அவற்றில் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, தோலைத் துடைக்கும் அல்ககோல் திரவமான சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வாங்குபவர்கள் போத்தலின் சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவின் மருந்துத் தரநூலின் முறைப்படி தயாரிக்கப்படும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் சேர்க்கப்படுகிறது. தோலுக்கு அது இதம், மின்தொடுகைகளுக்கு எண்ணெய்ப் படலம்.

அல்ககோலும் எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. அப்பிள் நிறுவனம் எயர்பொட்ஸ் என்ற தனது கம்பியில்லா இயர்போன்களின் வெளி ஓட்டை 70 சதவீத அல்ககோல் துண்டால் துடைக்க அனுமதிக்கிறது, ஆனால் ஒலிவலைகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. மெமரி போம் எனப்படும், அழுத்தினால் சுருங்கி மெதுவாக விரியும் கடற்பஞ்சு முனைகளை அல்ககோல் கெடுத்துவிடும். அவற்றை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து உலர்த்துவதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, பழையதானால் மாற்ற வேண்டியதுதான். காதின் அச்செடுத்து அக்ரிலிக்கில் செய்யும் இயர்போன்களை, மேடைப் பாடகர்களும் ஒலிப்பதிவுக் கூடத்தினரும் வைத்திருப்பவற்றை, அல்ககோலால் திரும்பத் திரும்பத் துடைத்தால் ஓடு மங்கி நுண்வெடிப்புக் காணும். சிலிக்கன் முனைகளுக்குக் கழற்றிய பின் வெறும் தண்ணீர் போதும். எண்ணெய்ப் பிசுக்குக் கூடினால் மணமில்லாத மென்சவர்க்காரத்தின் ஒரு துளியைச் சேர்க்கலாம், உற்பத்தியாளர் அதை விலக்கியிருந்தால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எயர்பொட்ஸ் புரோவின் முனைகளுக்குச் சவர்க்காரம் வேண்டாம் என்பதே அந்நிறுவனத்தின் அறிவுறுத்தல். முக்கியமானது உலர்த்துவதுதான். முனைகளை முற்றாக உலர்த்தாமல் மீண்டும் பொருத்தினால், உட்துளையில் தேங்கிய துளி நேரே வலைக்குப் போகும்.

வலையில் ஈரக்குறும்பி இறுகிவிட்டால் என்ன செய்வது? இதற்குப் பொதியில் விடை இல்லை. நம்பத்தகுந்த ஒரு விடையை அப்பிள் வெளியிட்டிருக்கிறது. முக ஒப்பனையைக் கலைக்கப் பெண்கள் பயன்படுத்தும் மைசெலர் நீரில் நனைத்த குழந்தைகளின் மென்மையான பற்தூரிகையால், வலை மேல்நோக்கி இருக்க, ஏறத்தாழ 15 விநாடி வட்டமாகத் துலக்க வேண்டும். உடனே கவிழ்த்துக் கடதாசித் துவாலையில் ஒற்ற வேண்டும். இதை மேலும் இருமுறை செய்த பின், அதே தூரிகையைக் காய்ச்சிவடித்த நீரில் அலசி, அந்த நீரால் ஒருமுறை துலக்கி ஒற்றி, குறைந்தது இரண்டு மணித்தியாலம் உலரவிட வேண்டும். இந்த முறை அந்நிறுவனத்தின் குறிப்பிட்ட சில வகைகளின் வலைகளுக்கென்று சொல்லப்பட்டது. வேறு நிறுவனங்களின் இயர்போனில் இதைச் செய்வதாக இருந்தால், நனைத்த தூரிகையை முதலில் நன்றாக உதறி, வலையைக் கவிழ்த்தே பிடித்துச் செய்வதுதான் எச்சரிக்கையான வழி. கொழும்பின் காற்றில் இரண்டு மணித்தியாலம் போதாது என்பது என் அபிப்பிராயம், ஓரிரவு விடுங்கள். தலைமயிர் உலர்த்தியைப் பிடித்து அவசரப்படுத்த வேண்டாம், அந்த வெப்பம் ஒட்டுப்பசையையும் பற்றரியையும் பதம் பார்க்கும்.

சொந்தமாகச் செய்யத் தயங்குபவர்களுக்காக, காலி வீதியை அண்டிய சில திருத்தக் கடைகளில் இயர்போன் துப்புரவையும் ஒரு சேவையாகச் செய்கிறார்கள். அப்படியொரு கடையில், காதுக்குக் கேட்காத ஒலியதிர்வால் நீருக்குள் அழுக்கை உதிர்த்து மூக்குக்கண்ணாடிகளைக் கழுவும் மீயொலித் தொட்டியைக் காட்டி, இயர்போனை அப்படியே அதில் இடுவதாகச் சொன்னபோது, நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கழற்றிய சிலிக்கன் முனைகளுக்கு அந்தத் தொட்டி நல்லது. சவ்வும் பற்றரியும் உள்ள உடலுக்கு அது குளியலன்று, மூழ்கடிப்பு. இயர்போன் விற்கப்படும் பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று நீர் தாங்கும் தரத்தைப் போட்டிருப்பது எத்திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கு மட்டுமே. ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்து நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். இந்தச் சோதனைகள் புதிய பொருளில் செய்யப்படுபவை; சவர்க்கார நீரும் கடல் நீரும் அவற்றில் அடங்கா, பல வகைகளில் சார்ஜ் பெட்டிக்கு அந்தத் தரம் கிடையவும் கிடையாது.

பொதியைத் தயாரித்தவர்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று நமது ஊரின் காற்று. வெள்ளவத்தையில் கடலுக்கும் காலி வீதிக்கும் இடையில் குடியிருப்பவர்கள் சன்னல் கம்பிகள் துருப்பிடிக்கும் வேகத்தை அறிவார்கள். கரையோர ரயிலில் கோட்டைக்கும் பாணந்துறைக்கும் இடையில் அன்றாடம் போய்வருபவர்களின் இயர்போனிலும் அதே உப்பு படிகிறது. அதோடு வியர்வையும் சேர்ந்தால், வயர் உள்ள இயர்போன்களின் செப்புக் கம்பி உறைக்குள்ளேயே பச்சை பூப்பதைக் காணலாம். வியர்த்த காதிலிருந்து கழற்றிய இயர்போனை உடனே பெட்டிக்குள் இட்டு மூடுவதுதான் அதற்குச் செய்யும் பெரிய தீங்கு. ஈரமும் மின்னோட்டமும் ஒன்றாகச் சேரும்போது தொடுகைகள் அரிக்கத் தொடங்குகின்றன. துணியால் துடைத்து, சற்று நேரம் வெளியே வைத்து, பிறகு பெட்டியில் இடுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல், மூடக்கூடிய ஒரு சிறு டப்பாவில் அவற்றோடு இயர்போனை இரவில் வைத்தால், மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். பொதிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டிருந்தால் அந்தத் தெளிப்புப் போத்தலை மன்னித்திருக்கலாம்.

ஈரம் இயர்போனோடு நிற்பதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த காதுக்குழாயில் பூஞ்சைத் தொற்று வருவது நம்மைப் போன்ற நாடுகளில் சாதாரணம்; குளித்துவிட்டுத் துவட்டாத காதில் இயர்போனைச் செருகுவது அதற்கு வாசல் திறப்பது போலாகும். தீராத அரிப்பு, வலி, கசிவு, திடீர்க் காதடைப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் இயர்போனை ஒதுக்கிவிட்டு, தேசிய வைத்தியசாலையிலோ வேறு வைத்தியசாலையிலோ காது மூக்கு தொண்டை வைத்தியரைப் பார்க்க வேண்டும். பஞ்சுக்குச்சியால் காதைக் குடைவது குறும்பியை ஆழத்துக்குத் தள்ளுவதாகவே முடியும். தொற்று குணமான பின் பழைய முனைகளைக் கழுவிப் பயன்படுத்தாமல் புதியவற்றை மாற்றுங்கள். வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே இயர்போனை மாறி மாறிப் பாவிப்பதாக இருந்தால், ஆளுக்கொரு சோடி முனை வைத்திருப்பது பெரிய செலவன்று.

ஆக, இந்தப் பொதியை யார் வாங்கலாம்? கம்பியில்லா இயர்போனும் அதன் சார்ஜ் பெட்டியும் வைத்திருப்பவர்கள், ஊசியையும் தெளிப்பையும் ஒதுக்கிவைக்கும் உறுதியோடு வாங்கலாம். தூரிகைக்கும் பஞ்சுக்கும் அந்தப் பணம் தகும். வயர் உள்ள இயர்போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்குப் பொதியில் பாதி பயன்படாது. மென்மையான ஒரு குழந்தைப் பற்தூரிகையும் பாமசி அல்ககோல் துண்டுகளும் அதைவிடக் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும். அக்ரிலிக் இயர்போன் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். வலையில்லாத திறந்த நுண்குழாய் உள்ளவற்றுக்கு, செவிப்புலன் கருவி பாவிப்பவர்கள் கையாளும் வளைய நுனிக் கருவி பொருத்தமானது. கருவி விற்கும் நிலையத்தாரிடமே அதைக் கையாளும் முறையையும் கேட்டறியலாம். புறக்கோட்டையில் பேனாவை மட்டும் தனியாகவும் விற்கிறார்கள், ஏறத்தாழ பொதியின் பாதி விலைக்கு. வாங்கும்போது மூடியைக் கழற்றித் தூரிகையின் நார்களை விரலால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மலிவான பிரதிகளில் நார் கையோடு கழன்று வருகிறது, அப்படிக் கழலும் நார் அடுத்து இயர்போனின் வலையில்தான் சிக்கும்.